விடைக்கோழியின் முதல் முட்டைகள்: வாசகர் கேள்வி பதில்

சித்திரை, வைகாசியில் குஞ்சு வாங்கி விட்டவர்கள் வீட்டிலெல்லாம் இப்போது விடைக்கோழிகள், அதாவது முதல்முறை முட்டையிடும் வயசு இளங்கோழிகள், முட்டைக்கு வந்துவிட்டன போல. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான், முட்டை சின்னதாக இருக்கிறது என்று. அதனால் பீன்ஸ் துரு நோய், முயல் கூண்டு பற்றிக் கேட்டவர்கள் எல்லாம் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை முழுக்க முட்டை.

கேள்வி: அக்கா, சித்திரையில் வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் வாங்கிய கிராமப்பிரியா இனக் குஞ்சுகளில் பத்து தேறி வளர்ந்தன. ஐந்தரை மாதத்தில் முட்டையிட ஆரம்பித்திருக்கின்றன. ஆனால் கடை முட்டையில் முக்கால்வாசி அளவுதான் இருக்கிறது, ஒன்றிரண்டில் ஓட்டின் மேல் ரத்தக் கீற்று வேறு. "உள்ளே ஏதோ கோளாறு, பேசாமல் குழம்பு வைத்துவிடு" என்கிறார் மாமியார். மருந்துக்கடையில் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: குழம்பும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம். உங்கள் கோழிக்கு ஒன்றுமில்லை, வயசு அவ்வளவுதான்.

நாட்டுக்கோழி அறுத்துப் பழகியவர் என்றால் உங்கள் அத்தையே பார்த்திருப்பார், முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கரு சின்னதும் பெரிதுமாகக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு கருவும் கடைசிப் பத்து நாளில்தான் வேகமாகப் பருக்கிறது, பருத்தபிறகு ஒவ்வொன்றாகக் கழன்று முட்டைக்குழாய்க்குள் விழும். விடைக்கோழியிடம் அந்தக் கரு பெரிய கோழியிடம் பருக்கும் அளவுக்குப் பருப்பதற்கு முன்பே கழன்றுவிடுகிறது. கரு சின்னது என்றால் அதைச் சுற்றி வருகிற வெள்ளையும் குறைவு, அதற்கு மேல் மூடுகிற ஓடும் சின்னது. விஷயம் இவ்வளவுதான். குழாய்க்குள் விழுந்ததிலிருந்து வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும், அதில் வெள்ளை சேர மூன்று மணி நேரம் போதும், ஓடு உருவாகத்தான் ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கிறது. காலையில் இட்ட கோழி அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி இட்டுக்கொண்டே போய் ஒரு நாள் விட்டுவிடுகிறதே, அதுவும் இந்தக் கணக்கால்தான், சோம்பேறித்தனம் இல்லை.

முதல் முட்டைகள் 40 கிராமை ஒட்டி இருக்கும், சிலது அதற்கும் கீழே. வாரா வாரம் ஏறும். இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பகுதி எடையைப் பிடித்துவிடும், அப்புறமும் வருஷம் முழுக்க மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். சமையலறைத் தராசு இருந்தால் வாரம் ஒரு நாள் அன்றைய முட்டைகளை மொத்தமாக நிறுத்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள், கண்ணால் பார்த்தால் தெரியாத ஏற்றம் எண்ணில் தெரியும், அத்தையிடம் காட்டவும் உதவும்.

ரத்தக் கீற்றுக்குக் காரணம், முதல்முறை விரிகிற வழி என்பதால் ஓரத்தில் மெல்லிய நாளம் ஏதாவது அறுந்திருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்த ரத்தத்தைப் பார்த்து மற்றக் கோழிகள் பின்பக்கத்தைக் கொத்த ஆரம்பித்தால் நிறுத்தவே நிறுத்தாது. கொத்துப்பட்ட கோழியை உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். முட்டையிடும் பெட்டியைக் கொஞ்சம் இருட்டான மூலையில் வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதை இன்னும் கடிதம் எழுதாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முட்டை எவ்வளவு பெரிதாகும் என்பது முட்டைக்கு வந்த பிறகு ஊற்றுகிற மருந்தில் இல்லை, முதல் முட்டையிடும் நாளில் கோழியின் உடம்பு எவ்வளவு தேறியிருந்தது என்பதில் இருக்கிறது. எலும்பும் தோலுமாக முட்டைக்கு வந்த கோழி நெடுநாள் சின்ன முட்டைதான் இடும். நம் நீலகிரி மலையில் குஞ்சு வளர்கிற காலம் முழுக்க மழையும் குளிரும் என்பதால் தின்கிற தீனியில் நல்ல பங்கு உடம்புச் சூட்டுக்கே போய்விடுகிறது, கீழ்நாட்டுக் கணக்குக்குத் தீனி போட்டால் இங்கே பற்றாது. வெறும் உடைத்த அரிசியும் தவிடும் போட்டுவிட்டு முட்டை சின்னது என்று கோழியைத் திட்டக் கூடாது. புரதம் வேண்டும். கருவாட்டுத் தூள் போடலாம், சோயாப் புண்ணாக்கு போடலாம். கடலைப் புண்ணாக்கும் நல்லதுதான், ஆனால் நம் ஈரத்தில் ஒரு வாரத்திலேயே பூசணம் பிடிக்கும், பூசணம் பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுத்துவிடும், கொஞ்சமாக வாங்கிக் காற்றுப் புகாமல் வையுங்கள். தண்ணீரில் வளர்க்கிற அசோலா என்ற பாசி போன்ற செடியைப் போடச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். குளிர் அதிகமான இடங்களில் அது வளர்ந்து பயன்தருவதற்குள் கோழிக்கே வயசாகிவிடும்.

எப்போது பயப்பட வேண்டும் என்றால், பெரிய முட்டை இட்டுக்கொண்டிருந்த வயசுக்கோழி திடீரென்று சின்ன முட்டை இட்டால், ஓடு சுருங்கிச் சுருங்கி வந்தால், உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால். அது நோயாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள். விடைக்கோழியின் சின்ன முட்டைக்கு மருத்துவர் தேவையில்லை.

கேள்வி: முட்டை ஓடு தோலாக இருக்கிறது, தொட்டால் அமுங்குகிறது. முதல் இரண்டு முட்டையும் இப்படியே. உடனே லேயர் தீவனத்துக்கு (முட்டைக்கோழித் தீவனம்) மாற்றலாமா, இல்லை முன்பே மாற்றியிருக்க வேண்டுமா? (வாசகர், குன்னூர்)

பதில்: தோல் முட்டை முதலில் ஒன்றிரண்டு வருவது சகஜம், ஓடு போடுகிற வேலை இன்னும் சீராகவில்லை. தொடர்ந்து வந்தால்தான் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை என்று அர்த்தம். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது, அவ்வளவையும் தினம் தீனியிலிருந்து எடுக்க முடியாதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். நம் தேயிலை மண் புளிப்பு மண், அதில் சுண்ணாம்பு குறைவு, மேய்ச்சலில் கிடைத்துவிடும் என்று இருக்க முடியாது.

முதல் முட்டை வந்ததும் லேயர் தீவனத்துக்கு மாறலாம். முன்பே மாற்றக் கூடாது. வளர்கோழித் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதம் மாதிரி இருக்கும், லேயரில் 3.5 முதல் 4 வரை. அவ்வளவையும் முட்டையிடாத குஞ்சுக்கு மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். எல்லாக் கோழியும் ஒரே நாளில் முட்டைக்கு வராதே என்று கேட்பீர்கள், அதற்கு வழி கிளிஞ்சல்தான். உடைத்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள், தேவைப்படுகிற கோழி தானாக எடுத்துக்கொள்ளும், மற்றவை திரும்பிக்கூடப் பார்க்காது. வீட்டில் உடைத்த முட்டை ஓட்டையே வாணலியில் வறுத்து நொறுக்கிப் போடலாம், ஓட்டின் வடிவம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள், இல்லையென்றால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.

கேள்வி: கோலிக்குண்டு அளவில் ஒரு முட்டை. உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கருவே இல்லை. வீட்டுக்கு ஆகாது, அந்தக் கோழியை வைத்திருக்காதே என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (வாசகி, மஞ்சூர்)

பதில்: முட்டைக்குழாய்க்கு உள்ளே வருவது கருவா வேறு ஏதாவதா என்று பார்க்கத் தெரியாது. கருவுக்குப் பதில் ஒரு துணுக்குத் திசுவோ உறைந்த ரத்தத் துளியோ உள்ளே போனாலும் அதைச் சுற்றி வெள்ளையைப் பூசி ஓட்டையும் மூடி அனுப்பிவிடும். முட்டைக்குப் புதிதாக வந்த கோழிகளிடம் இது அதிகம். நம் ஊரில் மட்டும் இந்தப் பயம் இல்லை, ஐரோப்பாவில் இதைச் சேவல் இட்ட முட்டை என்று சொல்லி, அதிலிருந்து பார்வையாலேயே ஆளைக் கொல்லும் பாம்பு பிறக்கும் என்று நடுங்கியிருக்கிறார்கள். கோழியை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் விலைக்குக் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், எதற்காகச் சொன்னார் என்று.

இதே வயசில் இதற்கு நேர்மாறாக இரட்டைக் கரு முட்டையும் வரும், இரண்டு கரு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கழன்று விழுந்தால் ஒரே ஓட்டுக்குள் இரண்டும் வந்துவிடும்.

கேள்வி: எங்கள் பக்கம் மாதக்கணக்கில் மூடுபனி, சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். மூன்றரை மாத விடைக்கோழிகளுக்கு இரவில் பல்பு போட்டால் சீக்கிரம் முட்டையிடும் என்று யூடியூபில் சொன்னார்கள். போட்டுவிட்டேன். சரிதானே அக்கா? (வாசகர், தும்மனட்டி)

பதில்: தம்பி, இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

வெளிச்சம் முட்டையைத் தூண்டுவது உண்மைதான், முட்டையிடுகிற கோழிக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இருந்தால் நல்லது. ஆனால் அந்த வீடியோக்களில் பாதி குளிர்காலத்தில் எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லாத நாட்டுக்காரர்களைப் பார்த்து எடுத்தவை. நாம் 11 டிகிரி வடக்கில் இருக்கிறோம், மார்கழியிலும் நமக்குப் பதினொன்றரை மணி நேரப் பகல் கிடைக்கிறது, ஆனியில் பன்னிரண்டே முக்கால், வித்தியாசம் அவ்வளவுதான். மூடுபனி வெளிச்சத்தைக் குறைக்கும், பகலைக் குறைக்காது.

வளர்கிற வயசில் வெளிச்சத்தைக் கூட்டினால் உடம்பு தேறும் முன்பே முட்டைக்கு வரும். சின்னக் கோழி, சின்ன முட்டை, அதுவும் ரொம்ப நாளைக்கு. அது போகட்டும், இடுப்பு விரியாத வயசில் முட்டையிட முக்கினால் முட்டைக்குழாய் பிதுங்கி வெளியே வந்துவிடும், அதை மற்றவை கொத்திவிடும், கோழி தங்காது. பல்பு போடுவதென்றால் கூட்டத்தில் பாதிக்கு மேல் முட்டையிட ஆரம்பித்த பிறகு, வாரம் அரை மணி என்று ஏற்றிக்கொண்டே போங்கள், அதுவும் சாயங்காலம் இல்லாமல் விடியற்காலையில், அப்போதுதான் இருட்டும்போது இயல்பாகப் பரணில் ஏறும். குஞ்சுக்குச் சூடு வேண்டித்தான் பல்பு போட்டேன் என்கிறீர்களா, மூன்றரை மாதத்தில் இறகு முழுக்க வந்துவிடும், காற்று நேராக அடிக்காமல் சாக்கு கட்டினால் போதும், கூரைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் திறப்பு விடுங்கள், இல்லையென்றால் ஈரம் தங்கிச் சளி பிடிக்கும்.

உறைபனிக் காலத்துக்கு ஒரு சின்ன விஷயம். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். காலையில் தொட்டியில் பனிக்கட்டிப் படலம் இருந்தால் கோழி குடிக்காது, குடிக்காத கோழி இடாது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போங்கள்.

கேள்வி: பிறந்தநாள் கேக் செய்து விற்கிறேன். தெரிந்தவர் வீட்டு விடைக்கோழி முட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. மூன்று முட்டை கேக்குக்கு எத்தனை போடுவது? வேகவைக்க எவ்வளவு நேரம்? ஓடு உரிக்கவே வரவில்லை, பாதி முட்டை ஓட்டோடு போகிறது. (வாசகி, உதகை)

பதில்: எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், நிறுத்துப் போடுங்கள். கேக் குறிப்புகளில் ஒரு முட்டை என்றால் ஓடு நீக்கி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 40 கிராம் முட்டையில் ஓடு போக 35 கிராம்தான் தேறும். ஆக இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நாலரை. அந்த அரைக்கு ஒரு முட்டையை அடித்துப் பாதி ஊற்றுங்கள், இல்லையென்றால் ஐந்தாவது முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் போடுங்கள், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஏனென்றால் விடைக்கோழி முட்டையில் வெள்ளையின் பங்கு அதிகம், கருவின் பங்கு குறைவு, ஒரு கரு கூட விழுந்தால் கேக்கின் மென்மை சரியாக வரும். வெள்ளைக்கரு கெட்டியாக நிற்கும் என்பதால் அடித்து நுரையாக்குகிற வேலைக்கு இதைவிட நல்ல முட்டை கிடையாது. பொரித்தாலும் தோசைக்கல்லில் பரவாமல் உருண்டையாக நிற்கும்.

வேகவைப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. உதகை 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது, அதனால் கோயம்புத்தூர்க்காரர் சொல்கிற நேரத்தில் இங்கே முட்டை வேகாது, கொஞ்சம் கூட வேண்டும். சின்ன முட்டைக்கோ பெரிய முட்டையின் நேரத்தில் முக்கால்வாசி போதும். இரண்டும் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும், கீழே பெரிய முட்டைக்குச் சொல்கிற நேரத்தையே இங்கே சின்ன முட்டைக்கு வைத்துப் பாருங்கள். உரிக்க வராததற்குக் காரணம் முட்டை சின்னது என்பது இல்லை, புதியது என்பது. இட்ட அன்றே வேகவைத்தால் உள்தோல் வெள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் வைத்து வேகவைத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு உரியுங்கள்.

கேள்வி: சிறுவிடை இன நாட்டுக்கோழி ஒன்று பதினோரு முட்டை இட்டு அடையில் உட்கார்ந்துவிட்டது. அதன் முதல் முட்டைகளையே வைத்துவிடலாமா? (வாசகர், தாண்டிக்குடி)

பதில்: பழனி மலையிலிருந்தும் கடிதம் வருகிறது, சந்தோஷம். முதலில் ஒன்று, சிறுவிடை எந்த வயசிலும் பெரிய முட்டை இடாது, அதன் உடம்பே சின்னது. அதைக் கிராமப்பிரியாவோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

குஞ்சின் எடை முட்டையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 30 கிராம் முட்டையிலிருந்து 20 கிராம் குஞ்சு. நம் குளிரில் அது தேறுவது கஷ்டம். சின்ன முட்டையில் எடைக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் ஈரம் வேகமாகக் காயும், உயரத்தில் காற்று மெலிது என்பதால் இன்னும் வேகமாகக் காயும். முதல் நாலைந்து முட்டையைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, கடைசியாக இட்டவற்றில் நல்ல வடிவமாக இருப்பவற்றையும், ஊரில் வயசுக்கோழி வைத்திருப்பவரிடம் வாங்கிய நாலு முட்டையையும் சேர்த்து வையுங்கள். முதல் முறை அடை உட்காருகிற கோழி பாதியில் எழுந்து போனாலும் போகலாம், அதனால் நிறைய வைக்காதீர்கள், ஏழு எட்டுப் போதும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து நரம்பு ஓடாததை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் சேவலே இல்லை, கோழி மட்டும் முட்டையிடுகிறது. எப்படி? (ஏழாம் வகுப்பு மாணவன், குன்னூர்)

பதில்: சேவல் வேண்டியது குஞ்சுக்குத்தான் தம்பி, முட்டைக்கு இல்லை. நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் சேவலைப் பார்க்காமலே இடுகின்றன. கருவில் சில சமயம் தெரிகிற ரத்தப் புள்ளியும் குஞ்சு உருவாவது கிடையாது, கரு கழலும்போது அறுந்த நாளம். சாப்பிடலாம்.

கேள்வி: கொழுந்து பறிக்கும்போது செடிக்கு அடியில் ஐந்து சின்ன முட்டை பார்த்தோம். காட்டுக்கோழி முட்டையா, எங்கள் லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) விடைக்கோழி ஒளித்து இட்டதா? எடுத்து வந்து அடை வைக்கலாமா? (வாசகி, பந்தலூர்)

பதில்: தொடாதீர்கள். காட்டுக்கோழி பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் கூடு வைக்கும், அதனால் இந்த மாதத்தில் உங்கள் வீட்டுக் கோழியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆனாலும் ஊகத்தை நம்பி எடுக்கக் கூடாது, காட்டுக்கோழி முட்டையை எடுப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் விடைக்கோழியைக் காலையில் திறந்துவிட்டுத் தூரத்திலிருந்து பாருங்கள், இடப்போகிற கோழி கூட்டத்தை விட்டுத் தனியாக நழுவும். அதே செடிக்குப் போனால் உங்களுடையது. அப்போது முட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் கோழியை நடுப்பகல் வரை கூண்டிலேயே அடைத்து வையுங்கள், பெட்டியில் இடப் பழகிவிடும். கீரிக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்தது அதிர்ஷ்டம்தான்.

கேள்வி: கடைக்காரர் சின்ன முட்டை என்று பாதி விலைதான் தருவேன் என்கிறார். நியாயமா? (வாசகர், கூடலூர்)

பதில்: குறைத்துக் கேட்பது நியாயம், பாதி நியாயமில்லை. அக்மார்க் தரத்தில் 38 முதல் 44 கிராம் வரை சிறியது, 45 முதல் 52 நடுத்தரம், 53 முதல் 59 பெரியது, 60க்கு மேல் மிகப் பெரியது. சிறியதும் ஒரு தரம்தான், கழிவு கிடையாது. 42 கிராம் முட்டை ஒரு டஜன் 504 கிராம், 56 கிராம் முட்டை ஒரு டஜன் 672 கிராம். சரியாக முக்கால். அந்த முக்கால் விலையைக் கேளுங்கள், கடைக்காரர் முன்னாலேயே தராசில் வைத்துக் காட்டிக் கேளுங்கள். அவருக்கு ஒத்துவரவில்லை என்றால் வீடுகளுக்கு நேராகக் கொடுத்துவிடுங்கள். ஆம்லெட் கடைக்காரரிடம் போகாதீர்கள், அவர் எண்ணிக்கைக் கணக்கில்தான் வாங்குவார், பேரம் பேசிப் பயனில்லை. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஒரு முட்டை மிச்சமில்லாமல் முடிகிறது என்று இந்த அளவையே கேட்டு வாங்குகிறார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் கோழி பெரிய முட்டைக்கு வந்துவிடும், அப்போதும் அதே வீடுகள் வாங்கும், விலையை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.